எண்ணெய்க் கிணறு போட்டவர்கள் கரியமில வாயுவைப் புதைக்க வருகிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய்க் கிணற்றில் சிமென்ட் இறக்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். பெட்ரோலியம் படிக்கிற பிள்ளைகள், வளைகுடாவில் ரிக்கில் நிற்கிற தம்பிகள், அமெரிக்கப் பங்குகளில் கொஞ்சம் காசு போட்டு வைத்திருக்கும் நண்பர்கள் என்று பலரும் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்கிறார்கள். ‘ஆயில்ஃபீல்டு கம்பெனிகள் எல்லாம் திடீரென்று கார்பன் பிடிக்கிறோம் என்கிறார்களே, அது என்ன கதை?’ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில், எண்ணெய் வயல் சேவை நிறுவனம் என்றால் யார்?

எண்ணெய் யாருடையதோ அவர்கள் வேறு, அதை எடுத்துக் கொடுக்கிறவர்கள் வேறு. அராம்கோ, ஷெல், ஓஎன்ஜிசி எல்லாம் வயலுக்குச் சொந்தக்காரர்கள். துளை போடுவது, கேசிங் (கிணற்றுச் சுவரைத் தாங்கும் எஃகுக் குழாய்) இறக்குவது, சிமென்ட் அடிப்பது, கிணற்றுக்குள் கருவி விட்டுப் பாறையை அளப்பது, வால்வு, பம்பு, கம்ப்ரசர் தருவது எல்லாம் சேவை நிறுவனங்களின் வேலை. இவற்றில் பெரிய மூன்று எஸ்எல்பி, ஹாலிபர்ட்டன், பேக்கர் ஹியூஸ். எஸ்எல்பி வேறு யாருமில்லை, நம் பழைய ஷ்லம்பர்ஜர்தான். 2022 அக்டோபரில் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். கடலடி வேலைக்கு டெக்னிப் எஃப்எம்சி, சப்ஸீ 7, சாய்பெம் என்று தனிக் கூட்டம் உண்டு.

நம் ஊர் கணக்கில் சொன்னால், தோட்டம் உங்களுடையது, போர் வண்டி அவர்களுடையது. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் வண்டிக்காரருக்கு அடிக் கணக்கில் காசு கொடுத்தாக வேண்டும். இந்த உவமையை நினைவில் வையுங்கள், பணம் பற்றிய கேள்வியில் திரும்ப வரும்.

கார்பன் பிடிப்பில் இவர்களுக்கு என்ன வேலை?

சிமென்ட் ஆலை, மின்நிலையம், எரிவாயு ஆலை ஆகியவற்றின் புகைபோக்கியில் போகிற கரியமில வாயுவைப் பிரித்தெடுக்க வேண்டும். அதை அழுத்த வேண்டும். குழாயிலோ கப்பலிலோ கொண்டுபோக வேண்டும். பிறகு பூமிக்கு அடியில், மேலே கெட்டியான மூடுபாறை இருக்கிற நுண்துளைப் பாறைக்குள் செலுத்தி, அங்கேயே இருக்கிறதா என்று பல பத்து வருடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் கடைசிப் பாதி முழுக்க அவர்கள் பிறந்து வளர்ந்த வீடு. கிணறு, சிமென்ட், பாறை அளவை, நில அதிர்வுப் படம் எல்லாம் அங்கேதான் வருகின்றன. நடுவில் கம்ப்ரசரும் குழாயும் பாதி பழக்கம். முதல் பாதி, அதாவது புகையிலிருந்து வாயுவைப் பிரிப்பது, இரசாயன ஆலைக்காரர்களின் தொழில். அங்கே மிட்சுபிஷி, ஷெல் போன்றவர்கள் முன்பே கடை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அதனால் சேவை நிறுவனங்கள் கிணற்றுத் திறமையைக் கையோடு கொண்டுவந்தன, பிடிக்கும் திறமையைக் காசு கொடுத்து வாங்கின. எந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் படித்தாலும் இந்தப் பிளவு தெரியும்.

ஏன் 800 மீட்டருக்குக் கீழே என்று எல்லோரும் சொல்கிறார்கள்?

கரியமில வாயு 31 டிகிரி வெப்பத்தையும் சுமார் 74 பார் அழுத்தத்தையும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) தாண்டினால் வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் ஒரு நடு நிலைக்குப் போகும். வாயுபோல் ஊடுருவும், திரவம்போல் கனக்கும். ஏறக்குறைய 800 மீட்டர் ஆழத்தில் பூமியே அந்த அழுத்தத்தையும் சூட்டையும் கொடுத்துவிடுகிறது.

இதில் இடம் எவ்வளவு மிச்சம் பாருங்கள். ஒரு டன் கரியமில வாயு தரைமட்டத்தில் 500 கன மீட்டருக்கு மேல் அடைக்கும். 2,000 சதுர அடி வீட்டைத் தரையிலிருந்து கூரை வரை நிரப்பலாம். அதையே அந்த ஆழத்துக்கு அனுப்பினால் மொட்டை மாடியில் வைக்கிற 1,500 லிட்டர் சின்டெக்ஸ் டாங்க் அளவுக்குள் வந்துவிடும்.

கிணறு போடுவது அவர்களுக்குப் பழகிய வேலைதானே? பம்பைத் திருப்பி வைத்தால் போதாதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல விடுங்கள்.

காய்ந்த கரியமில வாயு சாது. அதில் தண்ணீர் சேர்ந்தால் கார்போனிக் அமிலம். கோலி சோடாவில் நாக்கைச் சுரீரென்று இழுக்கிறதே, அதே அமிலம்தான். ஆனால் நூறு, இருநூறு பார் அழுத்தத்தில் அது சாதாரண எஃகைத் தின்றுவிடும். ஆகவே குரோமியம் சேர்த்த எஃகுக் குழாய்கள், சில இடங்களில் நிக்கல் கலவைகள் என்று விலை ஏறிக்கொண்டே போகும்.

சிமென்ட் அடுத்த தலைவலி. கேசிங் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே இருக்கும் வளைய இடைவெளியை நிரப்புவது சிமென்ட். கிணற்றில் நாங்கள் சிமென்ட் பம்ப் பண்ணும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கோப்பையில் கொஞ்சம் பிடித்து ஓரமாக வைப்போம். ராத்திரி முழுக்க அதை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்போம். கல் மாதிரி ஆன பிறகுதான் அடுத்த வேலை. கீழே இருப்பது இன்னும் சூட்டில் இருக்கிறது, மேலே கோப்பையில் இருப்பது வேறு என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் அந்தக் கோப்பையைத் தொட்டுப் பார்க்காமல் ஒருவரும் தூங்கப் போகமாட்டார்கள். எண்ணெய்க் கிணற்றுக்கு அந்தச் சிமென்ட் இருபது, முப்பது வருடம் நின்றால் போதும். கரியமில வாயுக் கிணற்றுக்கு? நூற்றாண்டுக் கணக்கு. சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டில் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு ஈரமான கரியமில வாயு சேர்ந்து அதைச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றுகிறது. ஆரம்பத்தில் அது துளைகளை அடைத்து நன்மைகூடச் செய்யும். தொடர்ந்து அமிலத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் அந்தச் சுண்ணாம்பும் கரையும். இதைத் தாங்குகிற கலவையை எஸ்எல்பி ‘எவர்கிரீட்’ என்ற பெயரில் விற்கிறது. மற்றவர்களிடமும் சொந்தக் கலவைகள், பிசின் கலவைகள் உண்டு.

மூன்றாவது, குளிர். எண்ணெயோ எரிவாயுவோ எடுத்துத் தீர்ந்துபோன வயலில் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும். அதற்குள் அடர்த்தியான கரியமில வாயுவைத் திறந்துவிட்டால் அது சட்டென்று விரிந்து ஜில்லிட்டுப் போகும். தீயணைப்பு உருளையைத் திறந்தால் வாயில் வெள்ளைப் பனி படர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். கிணற்றுக்குள் இது நடந்தால் பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட் அடைக்கும், சிமென்ட் சுருங்கி எஃகிலிருந்து விடுபடும், ரப்பர் சீல்கள் விறைக்கும். அழுத்தத்தை வேகமாக இறக்கினால் ரப்பருக்குள் ஊறியிருந்த வாயு வெளியே ஓடிவரும்போது சீல் உள்ளிருந்தே கொப்பளித்துக் கிழியும். ரோட்டர்டாம் அருகே போர்த்தோஸ் திட்டம் இப்படிப்பட்ட காலி எரிவாயு வயல்களைத்தான் நம்பியிருக்கிறது. அங்கே அழுத்தத்தையும் வெப்பத்தையும் படிப்படியாகக் கையாள்வதே பெரிய வேலை.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் டிக்கேட்டர் என்ற ஊர். ஏடிஎம் (ADM) என்ற தானிய வியாபார நிறுவனத்தின் எத்தனால் ஆலையில் வரும் கரியமில வாயுவை 2011 முதல் 2014 வரை சுமார் 10 லட்சம் டன் புதைத்துக் காட்டினார்கள். ஷ்லம்பர்ஜரும் அதில் பங்கு. அந்த வெற்றியை வைத்து அதே ஊரில் பெரிய அளவில் இரண்டாவது திட்டம் தொடங்கியது. 2024-ல் அந்த இரண்டாவது திட்டத்தின் கண்காணிப்புக் கிணற்றில் ஓட்டை. சுமார் 5,000 அடி ஆழத்தில், 13 சதவீதம் குரோமியம் சேர்த்த குழாயே அரித்துப்போய், அனுமதிக்கப்பட்ட அடுக்கை விட்டு வேறு அடுக்குக்குத் திரவம் போயிருந்தது. குடிநீர் அடுக்கு அதற்கு வெகு மேலே. குடிநீருக்கு ஆபத்து இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள், செப்டம்பரில் செலுத்துவதும் நின்றது.

கவனியுங்கள். ஓட்டை விழுந்தது வாயுவைச் செலுத்துகிற கிணற்றில் இல்லை. கசிகிறதா என்று பார்க்கப் போட்ட கிணற்றில். காவல்காரன் வீட்டுக் கதவு திறந்து கிடந்த கதை.

எஸ்எல்பி எப்படி உள்ளே வந்தது?

2024 மார்ச்சில் அறிவித்து ஜூனில் முடித்தார்கள். நார்வேயின் ஏக்கர் கார்பன் கேப்சர் தொழிலில் 80 சதவீதத்தை 412 கோடி நார்வே குரோனருக்கு வாங்கினார்கள். நன்றாக நடந்தால் பின்னால் இன்னும் தருகிறோம் என்று தனி ஏற்பாடும் இருந்தது. புதிய கூட்டுக்கு எஸ்எல்பி கேப்சுரி என்று பெயர்.

அவர்கள் கையில் இருந்த நகை, பிரெவிக். தெற்கு நார்வேயில் ஹைடல்பெர்க் மெட்டீரியல்ஸின் சிமென்ட் ஆலை. ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அமைப்பு, 2025 ஜூனில் திறந்தார்கள். சிமென்ட் ஆலை என்பது முக்கியம். சூளையில் எரிபொருளை மாற்றினாலும் சுண்ணாம்புக் கல்லே உடைந்து கரியமில வாயுவை விடும். அங்கே பிடிப்பதைத் தவிர இப்போதைக்குப் பெரிய வழி இல்லை.

செய்முறை என்ன என்றால், அமீன் என்ற இரசாயனக் கரைசல் புகையோடு கலந்து கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். பிறகு அந்தக் கரைசலைச் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடும். அந்தச் சூட்டுக்குத்தான் செலவு. பிரெவிக்கில் ஆலையின் வீணாகும் சூட்டையே பயன்படுத்துகிறார்கள். அந்தச் சூடு எவ்வளவு பிடிக்கப் போதுமோ அவ்வளவுதான் பிடிக்கிறார்கள், ஆலை விடும் வாயுவில் ஏறக்குறைய பாதி. ‘ஏன் முழுவதையும் பிடிக்கவில்லை’ என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். மிச்சப் பாதிக்குத் தனியாக அடுப்பு மூட்ட வேண்டும்.

நெதர்லாந்தின் ட்வென்ஸே குப்பை எரிப்பு ஆலை, டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் நிறுவனத்தின் இரண்டு மின்நிலையங்கள் ஆகியவற்றுக்கும் இவர்கள்தான். அங்கெல்லாம் ஆலையைத் தளத்தில் கட்டாமல் தொகுதி தொகுதியாகச் செய்து கொண்டுபோய் மாட்டுகிறார்கள். இது எண்ணெய் வயல் புத்தி. ஒரே கருவியைப் பத்து இடத்தில் விற்றால்தான் இவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

பேக்கர் ஹியூஸ்?

இவர்கள் கதை கம்ப்ரசர். 2017-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் எண்ணெய் எரிவாயுப் பிரிவோடு சேர்ந்தபோது இத்தாலியின் ஃபிளாரன்ஸில் இருக்கும் பழைய நுவோவோ பினியோனே பட்டறையும் கூடவே வந்தது. யார் பிடித்தாலும், எதைக் கொண்டு பிடித்தாலும், அழுத்தாமல் எங்கும் கொண்டுபோக முடியாது. ஆகவே எந்தத் தொழில்நுட்பம் ஜெயித்தாலும் இவர்களுக்கு வியாபாரம். தெற்கு ஆஸ்திரேலியாவில் சாண்டோஸின் மூம்பா திட்டத்துக்கு இவர்கள் இயந்திரம்தான். அது 2024-ல் ஓடத் தொடங்கியது, ஆண்டுக்கு 17 லட்சம் டன் வரை. மலேசியாவில் சரவாக் கடலில் பெட்ரோனாஸின் கசாவரி திட்டத்துக்கும் இவர்களிடமே கம்ப்ரசர் கேட்டிருக்கிறார்கள்.

பிடிக்கும் பக்கத்திலும் கை வைத்தார்கள். 2020-ல் நார்வேயின் ஒரு சிறிய நிறுவனத்தையும், 2022-ல் காற்றிலிருந்தே நேரடியாக வாயுவைப் பிடிக்கும் பொருள் செய்யும் மொசாயிக் மெட்டீரியல்ஸையும் வாங்கினார்கள். என் கணிப்பு, கடைசியில் இவர்களுக்குச் சோறு போடப்போவது கம்ப்ரசர்தான்.

ஹாலிபர்ட்டன் சத்தமே காணோமே?

அவர்கள் பிடிக்கும் ஆலை எதையும் பெரிதாக வாங்கவில்லை. கிணற்றோடு நிற்கிறார்கள். இங்கிலாந்தின் டீஸைட் பகுதியின் கரியமில வாயுவைக் கடலடியில் புதைக்கும் நார்தர்ன் எண்டியூரன்ஸ் திட்டத்தில் கிணற்றுக்குள் இறக்கும் கருவிகளும் கண்காணிப்பும் தரும் ஒப்பந்தம் 2025-ல் கிடைத்தது. தெரிந்த வேலையை மட்டும் செய்வதைப் பயம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது நிதானமாகப் படுகிறது.

கடலடி நிறுவனங்கள்?

அதே நார்தர்ன் எண்டியூரன்ஸ் திட்டத்துக்குக் கடலடி அமைப்பை டெக்னிப் எஃப்எம்சி முழுக்க மின்சாரத்தில் இயங்கும்படி செய்கிறது. வழக்கமாகக் கடலடி வால்வுகளை ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய் இழுத்துத்தான் திறந்து மூடுவார்கள். கரையிலிருந்து வெகு தூரத்துக்கு அந்தக் குழாயை இழுப்பதைவிட மின்கம்பி இழுப்பது எளிது. பிரேசிலில் பெட்ரோப்ராஸுக்காக இவர்கள் செய்யும் ஹைசெப் அமைப்பு இன்னும் சுவாரஸ்யம். கிணற்றிலிருந்து எண்ணெயோடு வரும் கரியமில வாயு மிகுந்த எரிவாயுவை மேலே கப்பலுக்கே கொண்டுவராமல் கடல் தரையிலேயே பிரித்துத் திரும்ப உள்ளே அனுப்புவது திட்டம். பெட்ரோப்ராஸுக்கு அது முதலில் எண்ணெய் உற்பத்தியைக் கூட்டுகிற வேலை, காலநிலை அப்புறம்.

புதைத்தது உள்ளேயே இருக்குமா?

இருக்கும் என்பதற்கு நல்ல சாட்சி வட கடலில் நார்வேயின் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயல். 1996 முதல் நடக்கிறது. அங்கே எரிவாயுவில் 9 சதவீதம் வரை கரியமில வாயு. விற்க வேண்டுமானால் 2.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டால் 1991-ல் நார்வே போட்ட கார்பன் வரி. சரி, கீழேயே அனுப்பிவிடலாம் என்று முடிவு. வருடத்துக்கு 10 லட்சம் டன் வாக்கில் மணற்பாறைக்குள் போனது. சில வருடங்களுக்கு ஒருமுறை நில அதிர்வு அலை விட்டுப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூடுபாறைக்குக் கீழே வாயு அடுக்கடுக்காகப் பரவி நிற்பது அந்தப் படங்களில் அழகாகத் தெரியும்.

ஆனால் என்னைக் கேட்டால், கசிவைவிட நடைமுறையில் அதிகம் காலை வாரிவிடுவது அழுத்தம். பாறைக்குள் ஏற்கெனவே உப்புத் தண்ணீர் இருக்கிறது. வாயு போக வேண்டுமானால் தண்ணீர் நகர வேண்டும். நகர இடமில்லை என்றால் அழுத்தம் ஏறும், ஒரு எல்லைக்கு மேல் நீங்களே நிறுத்தியாக வேண்டும். நார்வேயின் ஸ்னோவிட் எரிவாயு வயலில் 2008-ல் புதைக்கத் தொடங்கினார்கள். முதல் அடுக்கில் எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறி, 2011-ல் வேறு அடுக்குக்கு மாற வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் செவ்ரானின் கோர்கன் எரிவாயுத் திட்டம் இன்னும் பெரிய பாடம். எரிவாயு ஆலை 2016-ல் ஓடத் தொடங்க, வாயுவைப் புதைக்கும் பகுதி 2019 ஆகஸ்டில்தான் தொடங்கியது. ஆண்டுக்கு 40 லட்சம் டன் வரை என்று திட்டம். பாறையிலிருந்து தண்ணீரை வெளியே எடுத்து அழுத்தத்தைக் குறைக்கும் கிணறுகளில் மணல் வந்து அடைத்துக்கொண்டது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்த முடியாததால் செலுத்தும் அளவையே குறைக்க வேண்டியிருந்தது, சொன்ன அளவில் பாதியைத் தொடுவதே பாடாகிவிட்டது.

மணல் வரும் கிணறு நம் ஊர் போர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். ஆயிரக்கணக்கான கோடி போட்ட திட்டத்தையும் மணல் நிறுத்தும். இப்படிப்பட்ட இடத்தில்தான் சேவை நிறுவனங்களுக்கு உண்மையான மதிப்பு. பாறை எவ்வளவு வாங்கும் என்று முன்கூட்டிச் சரியாகச் சொல்ல முடிந்தவனிடம் எல்லோரும் போவார்கள்.

குழாய் வெடித்தால் என்ன ஆகும்?

நடந்திருக்கிறது. 2020 பிப்ரவரி 22, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சடார்ஷியா என்ற சிறு ஊர். பலத்த மழைக்குப் பிறகு மண் சரிந்து, டென்பரி நிறுவனத்தின் 24 அங்குலக் கரியமில வாயுக் குழாய் உடைந்தது. இந்த வாயு காற்றைவிடக் கனம். மேலே போகாமல் பள்ளத்தில் போர்வைபோல் படிந்தது. 200 பேரை வெளியேற்றினார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். யாரும் சாகவில்லை. தப்பிக்கப் பார்த்தவர்களின் கார்கள் நடு வழியில் நின்றுவிட்டன, ஏனென்றால் எஞ்சின் எரியவும் ஆக்சிஜன் வேண்டும். அந்த ஒரு விவரம் அமெரிக்க கிராமங்களில் இந்தக் குழாய்களுக்கு எதிர்ப்பு வளர எவ்வளவு காரணம் என்று சொல்லி மாளாது. பின்னர் 2023-ல் டென்பரியை எக்ஸான்மொபில் சுமார் 490 கோடி டாலருக்கு வாங்கியது. அவர்களுக்கு வேண்டியிருந்தது டென்பரியின் குழாய் வலைதான்.

இதற்கெல்லாம் காசு யார் கொடுக்கிறார்கள்?

அரசாங்கம், ஏதாவது ஒரு வடிவத்தில். எண்ணெய் எடுத்தால் விற்கலாம். கரியமில வாயுவைப் புதைத்தால் வாங்க ஆளில்லை. ஆகவே யாராவது அதற்கு விலை வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 45க்யூ என்ற வரிச் சலுகை. 2022-ல் வந்த சட்டத்தால் புதைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 85 டாலர் வரை, காற்றிலிருந்து நேரடியாகப் பிடித்தால் 180 டாலர் வரை. ஐரோப்பாவில், கரியமில வாயுவை வெளியே விட ஆலைகள் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டுகளின் சந்தை விலை. பிரிட்டன் 2024 அக்டோபரில் இரண்டு தொழிற்பகுதிகளின் கார்பன் புதைப்புத் திட்டங்களுக்கு 25 வருடத்தில் 2,170 கோடி பவுண்டு வரை தருவதாக அறிவித்தது. பிரெவிக் உள்ளிட்ட நார்வேயின் லாங்ஷிப் திட்டத்தில் பெரும்பங்கு அரசுப் பணம்.

இங்கேதான் போர் வண்டி உவமை. திட்டம் லாபமா நஷ்டமா என்பது திட்ட உரிமையாளரின் கவலை. சேவை நிறுவனத்துக்கு ஒப்பந்தப் பணம் வந்துவிடும். ஆனால் தோட்டக்காரர் போரே போடவில்லை என்றால் வண்டி நிற்கும். இந்தத் தொழிலின் இன்றைய நிலை அதுதான். அறிவிப்புகள் குவிகின்றன, இறுதி முதலீட்டு முடிவு வரை போகிறவை குறைவு. ஒரு நாட்டில் ஆட்சி மாறினால் கணக்கு மாறுகிறது.

எண்ணெய் எடுக்கத்தானே இதைச் செலுத்துகிறார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. டெக்சஸில் 1972 முதலே பழைய வயல்களில் கரியமில வாயுவைச் செலுத்தி, பாறையில் ஒட்டிக்கொண்ட எண்ணெயை வழித்தெடுக்கிறார்கள். அந்த வேலையில்தான் மேலே சொன்ன குழாய், சீல், எஃகு அனுபவமெல்லாம் வந்தது. உள்ளே போன வாயுவில் ஒரு பங்கு அங்கேயே தங்கும், வெளியே வந்த எண்ணெய் எரிந்து மறுபடி வாயுவாகும். அமெரிக்கச் சலுகையில் இதற்கு 60 டாலர், சும்மா புதைப்பதற்கு 85 டாலர் என்று வித்தியாசம் இருந்தது. 2025 ஜூலைச் சட்டத்தில் புதிய ஆலைகளுக்கு இரண்டையும் 85 ஆக்கிவிட்டார்கள். எண்ணெயும் கிடைத்துச் சலுகையும் ஒன்றுதான் என்றால் எவன் சும்மா புதைப்பான்? எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை.

நூறு வருடம் கழித்துக் கசிந்தால் யார் பொறுப்பு?

ஐரோப்பிய விதிப்படி கிணற்றை மூடிய பிறகு பொதுவாகக் குறைந்தது 20 வருடம் நடத்துநர் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் அடங்கிவிட்டது என்று நிரூபித்தால் பொறுப்பு அரசுக்கு மாறும். அமெரிக்காவில் ஆறாம் வகைக் கிணறு என்று தனி அனுமதி உண்டு, 2010-ல் வந்தது. அதில் மூடிய பின் கண்காணிப்புக்கு 50 வருடம் என்பது அடிப்படை அளவு. இந்த இரண்டிலும் பொறுப்பு அனுமதி வாங்கியவருக்கு. சிமென்ட் அடித்துவிட்டுப் போன நிறுவனத்தின் கடமை ஒப்பந்தத்தில் எழுதியதோடு சரி. நானும் அந்தப் பக்கத்தில் நின்றவன் என்பதால் சொல்கிறேன், இது எங்களுக்கு ரொம்ப வசதியான ஏற்பாடு.

மொத்தத்தில் இது எவ்வளவு பெரிது?

உலகம் முழுக்க இன்று பிடிக்கும் திறன் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டன். எரிபொருள் வழியாக உலகம் விடுவது 3,700 கோடி டன்னுக்கு மேல். எஸ்எல்பி-யின் 2024 வருவாய் 3,629 கோடி டாலர், அதில் மிகப் பெரும்பகுதி இன்னும் எண்ணெயும் எரிவாயுவும்தான். கார்பன் நிறுவனமாக மாறிவிட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

வளைகுடாவில் இருக்கிறேன். இங்கே ஏதாவது வருமா அண்ணே?

வருகிறது தம்பி. சவூதியின் ஜுபைலில் அராம்கோ, தொழிற்சாலை வாயுக்கள் விற்கும் லிண்டே, எஸ்எல்பி மூவரும் சேர்ந்து ஒரு மையம் கட்டுகிறார்கள். முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் வரை. 2024 டிசம்பரில் போட்ட ஒப்பந்தப்படி அராம்கோவுக்கு 60 சதவீதம், மற்ற இருவருக்கும் 20, 20. எஸ்எல்பி இங்கே வண்டிக்காரர் மட்டும் இல்லை, தோட்டத்திலும் பங்காளி. அது பழைய பழக்கத்துக்கு மாறான விஷயம், கவனித்துக்கொண்டிருங்கள். அபுதாபியில் இரும்பு ஆலையின் வாயுவைப் பிடித்து எண்ணெய் வயலுக்கு அனுப்புவது 2016 முதலே நடக்கிறது.

தமிழ்நாட்டில்?

தூத்துக்குடியில் ஒன்று நடந்தது, உலகச் செய்தியாகவும் ஆனது. 2016 வாக்கில் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு செய்யும் அமைப்பை, ஐஐடி காரக்பூர் மாணவர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனம் வைத்தது. அங்கே கிணறும் இல்லை, புதைப்பதும் இல்லை. ஆலைக்கு வாயு மூலப்பொருளாகத் தேவைப்பட்டது, வாங்குவதைவிடப் பிடிப்பது மலிவாக வந்தது, அவ்வளவுதான்.

டெல்டாவில் புதைப்பார்களா என்று திருவாரூர்க்காரர்கள் கேட்கிறார்கள். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கும் வேலைகளைத் தடுக்கிறது. குஜராத்தின் கந்தார் வயலில் கோயலி சுத்திகரிப்பு ஆலையின் வாயுவைச் செலுத்தும் யோசனை ஓஎன்ஜிசி, இந்தியன் ஆயில் இருவரிடமும் இருக்கிறது. அதுவும் எண்ணெய் எடுக்கத்தான்.

பெட்ரோலியம் படிக்கிறேன். எதில் கவனம் வைக்கலாம்?

சிமென்ட், அரிப்பு, கிணற்றின் பாதுகாப்பு, பாறையின் அழுத்தக் கணக்கு. பிறகு, யாரும் விரும்பாத ஒன்று இருக்கிறது, பழைய கிணற்றை மூடுவது. கரியமில வாயு புதைக்கும் இடத்தைச் சுற்றி எத்தனையோ பழைய கிணறுகள் இருக்கும். அதில் ஒன்று சரியாக மூடாமல் இருந்தாலும் வாயுவுக்கு அது நேர் வழி. அனுமதி தரும் முன் அந்தக் கிணறுகள் ஒவ்வொன்றின் காகிதத்தையும் தோண்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய சிமென்ட் அறிக்கை, மங்கிய கார்பன் தாள் நகல், பென்சிலில் எழுதிய ஆழம். அதை வாசித்து, இந்தக் கிணற்றில் எத்தனை மூட்டை சிமென்ட் போனது, அது எது வரை ஏறியிருக்கும் என்று சொல்லத் தெரிந்த ஆட்கள் இப்போதே கம்மி.